ஆனைமுடக்குப் புகைபோக்கி

இப்போதெல்லாம் வீட்டுப் பிளானுக்கு அனுமதி வாங்க ஆபீஸ் வாசலை மிதிக்கவே வேண்டாமாம். கம்ப்யூட்டரில் அனுப்பினால் அதுவே பார்த்து, அதுவே கோளாறு சொல்லி, அதுவே திருப்பியும் அனுப்பிவிடுமாம். என்னைப் பார்க்க வந்த இளம் இன்ஜினியர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். "உங்க காலத்துல மலை கிராமத்துல எல்லாம் எப்படி சார் செக் பண்ணினீங்க?" என்று கேட்டார். "மூக்காலதான் தம்பி" என்றேன். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் பொறுமையாக இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். ஓடிவிட்டதால் உங்கள் தலையில் விடிகிறது.

நான் பழனி அடிவாரத்துக்காரன். அப்பாவுக்குத் தேங்காய் பழக் கடை. நான் படித்ததும், பயிற்சி எடுத்ததும், கீழே ஓவர்சீயராகச் சில வருஷம் குப்பை கொட்டியதும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வாய்க்கால் வெட்டினோம், மழையில் சரிந்தது, மறுபடி வெட்டினோம், அவ்வளவுதான். அறுபதுகளின் தொடக்கத்தில், மேலிடத்து ஆள் ஒருவரின் மைத்துனர் கட்டிய பாலத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்தேன். அப்படிப்பட்டவனைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது வழக்கம். எனக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத காடு கிடைத்தது. கொடைக்கானல் மலையில் ஊராட்சி ஒன்றிய ஆபீஸ். பாதி வருஷம் மழை, மீதி வருஷம் பனி. துவைத்துப் போட்ட வேட்டி காய்ந்து நான் பார்த்ததில்லை.

அங்கே எனக்கு மேலே இன்ஜினியர் ராமபத்ரன். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஒல்லி, எந்தக் குளிரிலும் வெள்ளை அரைக்கைச் சட்டை. குளிர்கிறது என்று ஒப்புக்கொண்டால் மலை ஜெயித்துவிடும் என்று நினைப்பு. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அளவு நாடாவை நான் சுமந்துகொண்டு பின்னால் ஓடுவேன், அவர் குடையை வைத்து அளந்து முடித்துவிடுவார். சுவர் ரெண்டு குடை உயரம், வாசல் ஒரு குடை அகலம். அப்புறம் என்னை நாடாவால் அளக்கச் சொல்வார். சரியாக இருந்தால் குடையைப் பார்த்து ஒரு சிரிப்பு, தவறாக இருந்தால் நாடாவைப் பார்த்து ஒரு முறைப்பு.

இதெல்லாம் வெளி வேஷம். அவருடைய உயிர் இருந்த இடம் அடுப்படி. யார் வீட்டுப் பிளான் வந்தாலும் ஹாலைப் பார்க்க மாட்டார், வாசலைப் பார்க்க மாட்டார், நேரே அடுப்படியில் விரலை வைப்பார். "புகை எந்த வழியாய்யா போகும்?" பதில் இல்லை என்றால் பிளான் திரும்பிவிடும். வீடு கட்டி முடித்து நாங்கள் பார்க்கப் போகும்போது சட்டைப் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்துவார். அடுப்பு மேடையில் நிறுத்திவிட்டு, கைகட்டிக்கொண்டு, அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். மேலே போனால் பாஸ். உள்ளே சுற்றினால் பெயில். பாதி ஊரில் அவரை சாமியார் இன்ஜினியர் என்றே சொல்வார்கள்.

அப்போது கிராமங்களுக்கு ஒரு வீடு கட்டும் திட்டம் வந்திருந்தது. ஓடும் உத்தரமும் அரசாங்கம் கொடுக்கும், கல்லும் மண்ணும் உழைப்பும் வீட்டுக்காரருடையது. ஆனால் ஆபீஸ் கொடுத்த பிளான்படிதான் கட்ட வேண்டும். ரெண்டு ஜன்னல், ஒரு புகைபோக்கி. கடைசிச் சோதனையில் பாஸ் ஆகாவிட்டால் ஓடுகளை இறக்கித் திருப்பி எடுத்துக்கொள்வோம். திட்டத்தைப் போட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவர்கூட மலைப்பூண்டு பயிரிட்டதில்லை.

மன்னவனூரைத் தாண்டி ஜீப் போகிற வரை போய், அப்புறம் மட்டக்குதிரைக்குப் பின்னால் நடந்தால் ஆனைமுடக்கு வரும். ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சம் வீடுகள். எல்லாம் புல் கூரை, குனிந்து நுழைகிற வாசல், ஜன்னல் என்கிற பேச்சே கிடையாது. அடுப்புக்கு நேர் மேலே பரண். பரணில் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கும். அடுப்புப் புகை வெளியே போகாமல் அந்தப் பூண்டைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அப்போதுதான் பூண்டு முளைக்காது, அழுகாது, விலை ஏறுகிற மாசம் வரை நிற்கும். புகை நிற்காத வீட்டில் பூண்டு நிற்காது, பூண்டு நிற்காத வீட்டில் சோறு நிற்காது. இதுதான் அங்கே கணக்கு.

அந்த ஊரிலிருந்து முதல் மனு கொடுத்தவன் மாயாண்டி. அந்த வருஷ மழையில் மண் சரிந்து அவன் வீடு போய்விட்டது. தாயும் மகனும் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டத்தில் கிடந்தார்கள். மன்னவனூர் வெள்ளையன் தன் மகள் வீராயியை அவனுக்குப் பேசி வைத்திருந்தார். வீடு போனதும், "தைக்குள்ள வீடு எந்திரிக்கட்டும், வந்து பாக்குறேன், புடிச்சா பொண்ணு. இல்லாட்டி வேற எடம் கெடக்கு" என்று சொல்லிவிட்டார். மாயாண்டிக்கு வீராயி மேல் உயிர். அவள் பேரைச் சொன்னாலே தலையைச் சொறிவான். அந்த நிலைமையில் அவனிடம் புகைபோக்கி என்ன, தேர் கட்டச் சொல்லியிருந்தாலும் "கட்டிருவோமுங்க" என்றுதான் சொல்லியிருப்பான்.

ஆபீஸ் பிளானை அவனிடம் கொடுத்து, கைநாட்டு வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்துக் கொண்டுவந்தான். வெள்ளைக் காகிதமாகப் போனது காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. இன்ஜினியர் பிரித்தார். அடுக்காக மூன்று தும்மல்.

"என்னய்யா இது, நெருப்புல விழுந்துதா?"

"இல்லிங்கய்யா. கெட்டுப் போயிரக் கூடாதுன்னு சித்தப்பா வீட்டுப் பரண்ல பூண்டோட கட்டித் தொங்கவிட்டிருந்தேன்."

"படம் எப்படிய்யா கெட்டுப் போகும்?"

"புகை படாட்டி எதுதாங்க கெடாது?" என்றான் மாயாண்டி. அவன் கிண்டல் பண்ணவில்லை, மெய்யாகவே கேட்டான்.

இன்ஜினியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த ஃபைல் இருந்த அலமாரி ரசம் கொதிக்கிற மாதிரி மணந்துகொண்டே இருந்தது. பியூன் தினமும் பசிக்கிறது என்று சீக்கிரம் சாப்பிடப் போய்விடுவான்.

ஐப்பசி மழை விட்ட இடைவெளிகளில் வீடு எழும்பியது. கார்த்திகையில் கடைசிச் சோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தோம். வழக்கம்போல் நான் முதல் நாளே போய்ப் பார்த்தேன். சுவர் நேராக இருந்தது. ஜன்னல் ரெண்டும் இருந்தன. மேலே புகைபோக்கி, கொத்தன் கையை முத்தமிடலாம், அவ்வளவு அழகாக நின்றது. உள்ளே போனேன், கண் எரிந்து வெளியே ஓடி வந்தேன்.

"மாயாண்டி, என்னடா இது?"

"சாக்கு வச்சு அடைச்சிருக்கேனுங்க. உருளைக்கெழங்குச் சாக்கு."

"ஏன்டா பாவி?"

"ஓவசியரய்யா, நீங்க பதறாதீங்க. செவ்வாக்கெழம இன்ஜினியரய்யா வருவாங்க, சாக்க உருவிருவேன். வெள்ளிக்கெழம மாமா வருவாரு, திரும்ப வச்சிருவேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கப் போறதில்ல. என்ன கெட்டுப் போச்சு?"

புகைபோக்கி திறந்திருந்தால் பெண் போய்விடும், அடைத்திருந்தால் ஓடு போய்விடும். ஓடு போனாலும் பெண் போய்விடும். அவன் சொன்னதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை. அவனுடைய அம்மா எனக்குக் கேப்பைக் களி கிண்டிப் போட்டாள். வாயடைத்துச் சாப்பிட்டேன்.

திங்கள் ராத்திரி பிடித்த மழை செவ்வாயும் விடவில்லை. பாதையில் மரம் விழுந்து ஜீப் வரவில்லை என்று சேதி வந்தது. என்னாலும் இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரை அந்த வீட்டிலேயே கிடந்தேன். மாயாண்டி அந்த நாட்களை வீணாக்கவில்லை. புது வீட்டு உத்தரம் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, மாமா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்று, பழைய வீட்டு இடிபாட்டிலிருந்து கரியைச் சுரண்டி வந்து மரத்துக்கெல்லாம் பூசினான். பரணில் ஊரார் பூண்டையெல்லாம் இரவல் வாங்கித் தொங்கவிட்டான். ரெண்டு ஜன்னலையும் மறைக்கிற மாதிரி கம்பளியை விரித்துக் காயப்போட்டான். மூன்றே நாளில் அந்த வீட்டுக்கு ஐம்பது வயசு ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை வெள்ளனே வெள்ளையன் வந்துவிட்டார். கூட அவர் மனைவி பொன்னாத்தா. அந்தம்மா வாசல் ஓரமாக முக்காட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் வாயே திறக்கவில்லை. வெள்ளையன் வீடு பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் இன்ஜினியர் தோற்றார். கூரை மேல் நின்றது இன்னதென்று அவருக்குத் தெரியாது, அழகுக்கு வைத்தது என்று நினைத்துக்கொண்டார். சுவரைத் தொடவில்லை, கதவை ஆட்டவில்லை. அடுப்பு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். எழுந்து ஒரு பூண்டுக் கொத்தை உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மாப்ள, புகை நின்னு பேசுதப்பா! எங்கூர்லகூட இப்படி ஒரு வீடு இல்ல."

மாயாண்டி தலையைச் சொறிந்தான். எனக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. புகைதான், வேறொன்றுமில்லை. அப்போது வாசல் பக்கம் பார்த்தேன். மேட்டுக்கு மேலே ஒரு கறுப்புக் குடை ஏறி வந்துகொண்டிருந்தது. ஆத்தாடி! மரத்தை வெட்டிப் பாதையைத் திறந்திருக்கிறார்கள். திறந்த அன்றைக்கே மனிதர் கிளம்பிவிட்டார்.

நான் எழுந்து ஓடுவதற்குள் இன்ஜினியர் குனிந்து உள்ளே நுழைந்தார். நனைந்த சட்டை, நடுங்குகிற தாடை. ஆனால் குளிரவில்லை. வெள்ளையன் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க?"

"வீடு பார்க்க வந்திருக்கேன்" என்றார் இன்ஜினியர்.

வெள்ளையனின் முகம் மாறியது. இவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் பொண்ணு இருக்கா?" என்றார்.

"ரெண்டு பொண்ணு. ஏன்?"

வெள்ளையன் மாயாண்டியைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும். நான் குறுக்கே விழுந்து, "இவர் இன்ஜினியர் அய்யா, அரசாங்கத்துல இருந்து வந்திருக்காங்க" என்று விளக்கினேன். வெள்ளையனுக்கு மறுபடி மகிழ்ச்சி. அரசாங்கமே வந்து தன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிறது என்றால் சும்மாவா? நகர்ந்து இடம் விட்டார்.

இன்ஜினியர் இருமிக்கொண்டே ஊதுபத்தியைக் கொளுத்தினார். வெள்ளையன் பக்தியோடு கைகூப்பினார். பத்திப் புகை எழுந்தது. பரண் வரை போனது. தயங்கியது. அங்கேயே வட்டம் போட்டது. இருவரும் அண்ணாந்து அதே புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீங்களா? துளி வெளிய போகல!" என்றார் வெள்ளையன் பெருமையாக. "அருமையான வீடுங்க!"

"மாயாண்டி" என்றார் இன்ஜினியர் மெதுவாக. "புகைபோக்கி எங்கய்யா?"

மாயாண்டி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். மத்தளத்துக்காவது ரெண்டு பக்கம்தான் இடி, அந்த நிமிஷத்தில் அவனுக்கு எல்லாப் பக்கமும் இடி. அழுதுவிடுவான் போல இருந்தது. கடைசியில் ஒரு கம்பை எடுத்து மேலே குத்தினான். பொத்தென்று சாக்கு விழுந்தது. கூடவே ஒரு கூடைக் கரி. வெள்ளை அரைக்கைச் சட்டை கறுப்பு அரைக்கைச் சட்டையாகிவிட்டது. மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது. வீட்டுக்குள்ளிருந்த புகை மொத்தமும் திரும்பி அந்த ஓட்டையைப் பார்த்து ஓடியது.

"ஐயையோ, போகுதே!" என்று வெள்ளையன் குதித்தார். "ஏலே, புடிலே! அடைலே அத!" கயிறறுத்த காளையை மறிக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். புகை அவருடைய கக்கத்து வழியாகப் போய்விட்டது.

பிறகு நடந்த சண்டையில் பாதி எனக்குக் காதில் விழவில்லை, ரெண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள். "ஊரை ஏமாத்துறானா? வீட்டுல ஓட்டை வச்சுக்கிட்டுப் பொண்ணு கேக்குறானா?" என்றார் வெள்ளையன். "ஓட்டை இல்லைய்யா, அது புகைபோக்கி! கொடைக்கானல்ல துரைமார் பங்களாவுக்கெல்லாம் இருக்கே, பார்த்ததில்லையா?" என்றார் இன்ஜினியர்.

"துரைமாரு பூண்டா போட்டாங்க?"

இன்ஜினியர் முகத்துக் கரியைத் துடைத்தார், அது இன்னும் பரவியது. குரல் இறங்கிச் சொன்னார். "எங்கம்மா ஒரு இருட்டு அடுப்படியில ஊதி ஊதியே கண்ணைத் தொலைச்சா. என் கல்யாணத்தன்னைக்கு என் முகத்தைத் தடவித்தான் பார்த்தா. நான் இன்ஜினியருக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்? அந்த வீட்டுல ஒரு ஓட்டை போட எனக்கு அப்பத் தெரியல."

அத்தனை வருஷம் அவரோடு சுற்றியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. வெள்ளையனும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. "பாவந்தாங்க. அதுக்காகப் பூண்டு முளைக்காம இருக்குமா? மாயாண்டி, வருத்தப்படாத. வேற எடம் பாத்துக்கறோம். ஏய், கெளம்பு" என்றார்.

பொன்னாத்தா கிளம்பவில்லை. எழுந்து உள்ளே வந்தார். அடுப்பு முன்னால் சமைக்கிறவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். ஊதுகுழலை எடுத்து ஊதினார். நெருப்பு பற்றியது, புகை எழுந்து மேலே போனது. அந்தம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார், பழக்கம். கண் ஈரமில்லை. கையைப் பார்த்தார். அப்படியே அண்ணாந்து அந்தத் துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆத்தா செத்த சேதி வந்தன்னைக்கு நான் இப்படித்தான் அடுப்படியில உக்காந்திருந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அழுதுக்கிட்டுக் கெடந்தேன். இந்த மனுசன் உள்ள வந்தாரு. 'இன்னைக்குப் புகை நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

வெள்ளையன் கீழே கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"எம்மக அழுதா, அவ அழுகுறான்னு கட்டுனவனுக்குத் தெரியணும். வீராயிய இந்த வீட்டுக்குத்தான் குடுக்கணும்."

"அப்ப பூண்டு?" வெள்ளையனின் குரல் பாதியாகிவிட்டது.

"பூண்டுக்குத் தனியா ஒரு குடிசை போட்டு, உள்ள புகையப் போட்டு மூடட்டும். பூண்டுக்கென்ன, கண்ணா இருக்கு?"

இன்ஜினியர் என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். குடையின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். 'பூண்டுக் கொட்டகை. ஜன்னல் தேவையில்லை. புகைபோக்கி கூடவே கூடாது. அனுமதிக்கப்பட்டது.' அவர் சர்வீஸில் அப்படி எழுதியது அது ஒன்றுதான்.

தையில் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் சாப்பாடு. மாயாண்டி அன்றைக்குத் தலையைச் சொறியவில்லை, அதற்கு நேரமில்லை, எல்லோருக்கும் புகைபோக்கியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாசியில் ஒருநாள் ஆபீஸில் வெள்ளையன் வந்து நிற்கிறார். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வராமல் மாட்டிக்கொண்ட பையனைப் போல.

"என்னங்க, தலைக்கு மேல சோலி கெடக்குற நேரத்துல?" என்றேன்.

"எங்க வீட்டுக் கூரையில ஒரு ஓட்டை போடணுமுங்க. வெரசா உத்தரவு குடுத்தா நல்லது. அவ மூணு நாளா அடுப்புப் பத்த வைக்கல."

இன்ஜினியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏற்கெனவே இருக்கிற வீடுதானே? அதுக்கு அனுமதி எதுவும் வேண்டாம்யா. நீங்களே போட்டுக்கலாம்."

"அது எனக்குத் தெரியுங்க. அவ ஒத்துக்க மாட்டேங்கிறா. நாளைக்கு நான் சாக்கு வச்சு அடைச்சிட்டேன்னா காட்டுறதுக்கு அவ கையில ஒரு காயிதம் வேணுமாம். சீல் வச்சது."

நான் சிரிப்பை அடக்க ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டேன். இன்ஜினியர் சிரிக்கவில்லை. புதுக் காகிதம் ஒன்றை எடுத்து நேராக வைத்தார். சட்டத்தில் அதற்கு எந்தப் பிரிவும் கிடையாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 'மேற்படி வீட்டுக் கூரையில் வைக்கப்படும் புகைபோக்கியை எக்காரணம் கொண்டும் யாரும் அடைக்கலாகாது' என்று எழுதினார். சீலை மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"உத்தரவு யார் பேருக்கு? உங்க சம்சாரம் பேருதானே? அவங்க பேர் என்ன?"

"அவ பேரா?" வெள்ளையன் முழித்தார். "நான் ஏய்னுதாங்க கூப்புடுவேன். இத்தன வருசமா அதுலயே ஓடிப் போச்சு. இருங்க… சொல்லிருவேன்…"

ஜன்னலுக்கு வெளியே ஒரு முக்காடு அசைந்தது. இவ்வளவு நேரமும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொன்னாத்தான்னு எழுதுங்கய்யா. கொஞ்சம் பெரிசா எழுதுங்க."